நடந்துகொண்டிருக்கும் போரும் கட்சிகளின் மோதலும்: 2007 ஈராக் நிதி மசோதா வழியாக ஓர் அறிமுகம்

ஒரு நாடு போரில் இறங்கலாமா கூடாதா என்ற விவாதத்தைப் பின்தொடர்வது எளிது. ஒரு தரப்பு வேண்டும் என்கிறது, மறுதரப்பு வேண்டாம் என்கிறது. ஆனால் போர் தொடங்கிச் சில ஆண்டுகள் ஓடிய பிறகு, வெற்றியும் கைகூடாமல், விலகவும் வழி தெரியாமல் படைகள் களத்தில் நிற்கும் வேளையில் கட்சிகள் மோதிக்கொண்டால், புதிதாகப் படிப்பவருக்குத் தலைகால் புரிவதில்லை. போரைக் கடுமையாக எதிர்க்கும் உறுப்பினர் அதே போருக்கான நிதிக்கு ஆதரவாகக் கையுயர்த்துகிறார். போர் தவறான வழியில் செல்கிறது என்று அவையில் நீண்ட உரை ஆற்றியவர், அதை முடிக்கும் தீர்மானத்தை எதிர்த்து வாக்களிக்கிறார். இவற்றையெல்லாம் வெறும் அரசியல் நாடகம் என்று ஒதுக்கிவிடுவது சுலபம், ஆனால் அது சரியாகாது. இந்த மோதலுக்கென்று ஓர் உள்ளமைப்பு இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள, 2007ஆம் ஆண்டில் ஈராக் போர் தொடர்பாக அமெரிக்காவின் ஜனநாயகக் கட்சிக்கும் குடியரசுக் கட்சிக்கும் நடந்த போராட்டத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

முதலில் அந்த நாட்டின் ஆட்சி அமைப்பைச் சற்றுப் பார்க்க வேண்டும். இந்தியா போன்ற நாடுகளில் மக்களவையில் பெரும்பான்மை பெற்றவரே பிரதமர் ஆகிறார். அந்தப் பெரும்பான்மை போனால் பதவியும் போய்விடும். ஆகவே அரசு ஒரு திசையிலும் மக்களவை எதிர்த்திசையிலும் நின்று நெடுநாள் இழுபறி நடத்த வழியில்லை. அமெரிக்காவில் அதிபரை மக்கள் தனியே தேர்ந்தெடுக்கிறார்கள். காங்கிரஸ் எனப்படும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளான பிரதிநிதிகள் சபையையும் செனட்டையும் தனியே தேர்ந்தெடுக்கிறார்கள். போரை அறிவிக்கும் அதிகாரத்தையும், படைக்கான பணத்தை ஒதுக்கும் அதிகாரத்தையும் அரசமைப்புச் சட்டம் காங்கிரஸிடம் தந்திருக்கிறது; தரைப்படைக்கான ஒதுக்கீடு எதுவும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கக் கூடாது என்றுகூட அதில் எழுதிவைத்திருக்கிறார்கள். முப்படைகளின் தலைமைத் தளபதி என்ற பொறுப்போ அதிபருடையது. படையை எங்கே அனுப்புவது, எப்படிப் போரிடுவது என்பது அவர் கையில். பணப்பெட்டியின் சாவி காங்கிரஸின் கையில். இரண்டும் வெவ்வேறு கட்சிகளிடம் இருக்கும்போது போர்க்காலக் கருத்து வேறுபாடு அதன் முழு வடிவத்தை அடைகிறது.

ஈராக் போருக்கான அனுமதியை 2002 அக்டோபரில் காங்கிரஸ் வழங்கியது. பிரதிநிதிகள் சபையில் 296க்கு 133, செனட்டில் 77க்கு 23 என்ற வாக்குகளில் அது நிறைவேறியது. செனட்டில் இருந்த ஜனநாயகக் கட்சியினரில் 29 பேர் ஆதரவாகவும் 21 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னாளில் அந்தக் கட்சியை உள்ளுக்குள் வாட்டிய பிளவு அங்கேயே தொடங்கிவிட்டது. 2003 மார்ச்சில் படையெடுப்பு நடந்தது. போருக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட பேரழிவு ஆயுதங்களின் இருப்புகள் கண்டுபிடிக்கப்படவில்லை. 2006 பிப்ரவரியில் சமாரா நகரில் ஷியா முஸ்லிம்களின் புனிதத் தலமான அல்-அஸ்கரி மசூதியின் தங்கக் குவிமாடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதன்பின் ஷியா, சன்னி தரப்புகளுக்கிடையே கொலைகள் பெருகி, பாக்தாத் நகரின் பல பகுதிகள் இரத்தக்களமாயின. அமெரிக்கப் படை யாரை எதிர்த்துப் போரிடுகிறது என்பதே தெளிவற்றுப்போனது.

அந்த ஆண்டு நவம்பரில், அதிபரின் பதவிக்காலத்தின் நடுவே காங்கிரஸுக்கு நடந்த இடைக்காலத் தேர்தலில் ஜனநாயகக் கட்சி இரு அவைகளையும் கைப்பற்றியது. தேர்தலுக்கு மறுநாளே பாதுகாப்பு அமைச்சர் டொனால்டு ரம்ஸ்ஃபெல்டு பதவி விலகுவதாக அறிவிக்கப்பட்டது. டிசம்பரில், இரு கட்சிகளின் மூத்தவர்களான ஜேம்ஸ் பேக்கரும் லீ ஹாமில்டனும் தலைமை தாங்கிய ஆய்வுக் குழு 79 பரிந்துரைகளுடன் அறிக்கை தந்தது. ஈராக்கின் நிலைமை மோசமாக இருக்கிறது, மேலும் சீர்கெட்டு வருகிறது என்பது அதன் கணிப்பு. போர்ப்பணியிலிருந்து படைகளைப் படிப்படியாக விலக்கிக்கொண்டு, ஈராக் இராணுவத்துக்குப் பயிற்சி அளிப்பதில் கவனம் செலுத்த வேண்டும் என்பது அதன் முதன்மையான ஆலோசனைகளுள் ஒன்று. குடியரசுக் கட்சியைச் சேர்ந்த அதிபர் ஜார்ஜ் புஷ் தேர்ந்தெடுத்த வழி வேறு. 2007 ஜனவரி 10 அன்று, மேலும் 20,000க்கும் அதிகமான வீரர்களை ஈராக்குக்கு அனுப்பப்போவதாகவும், பாக்தாத் மக்களின் பாதுகாப்பே அவர்களுடைய முதல் வேலை என்றும் அவர் அறிவித்தார். புதிய தளபதியாக ஜெனரல் டேவிட் பெட்ரேயஸை நியமித்தார். செனட் அவருடைய நியமனத்தை 81க்கு 0 என ஏற்றது. தளபதியை ஒருமனதாக அனுப்பிவைத்த அவை, அவர் நிறைவேற்றப் போகும் திட்டத்தைப் பற்றி இரண்டாகப் பிளந்து நின்றது.

இரு தரப்பின் வாதங்களையும் அவற்றின் வலிமையான வடிவில் எடுத்துக்கொண்டால்தான் மேற்கொண்டு நடந்தது விளங்கும். திரும்பும் தேதியை முன்கூட்டியே அறிவித்துவிட்டால், எதிரி அந்தத் தேதிவரை பதுங்கியிருந்துவிட்டு வெளியே வருவான் என்றது குடியரசுக் கட்சி. அமெரிக்கரை நம்பி ஒத்துழைக்கும் ஈராக்கியர்கள் அந்த நாளுக்குப் பின் தங்கள் கதி என்ன என்று அஞ்சி ஒதுங்கிவிடுவார்கள். களத்தின் நிலவரத்தை அறிந்த தளபதிகள் எடுக்க வேண்டிய முடிவைத் தலைநகரில் உட்கார்ந்திருக்கும் 535 உறுப்பினர்கள் எடுக்கக் கூடாது என்றும் அவர்கள் வாதிட்டார்கள். ஜனநாயகக் கட்சியின் வாதம் வேறு இடத்திலிருந்து புறப்பட்டது. ஈராக்கில் நடப்பது எண்ணெய் வருவாயையும் ஆட்சி அதிகாரத்தையும் பகிர்ந்துகொள்வதில் அந்நாட்டுத் தரப்புகளுக்கு இடையிலான சண்டை; அயல்நாட்டுப் படை எத்தனை பேர் போனாலும் அதைத் தீர்க்க முடியாது; அமெரிக்கப் படை காலவரையின்றி அங்கே காவல் நிற்கும் என்ற உறுதி இருக்கும்வரை ஈராக் அரசியல்வாதிகள் சமரசத்துக்கு வர மாட்டார்கள்; காலக்கெடுதான் அவர்களை மேசைக்குக் கொண்டுவரும். இதனுடன் ஆப்கானிஸ்தான் போர் கவனிப்பாரற்றுப் போகிறது என்ற கவலையும் சேர்ந்தது. ஒரே காலக்கெடு ஒரு தரப்புக்கு எதிரிக்குக் கொடுக்கும் பரிசாகவும், மறுதரப்புக்கு நட்பு அரசின்மீது செலுத்தும் அழுத்தமாகவும் தெரிந்தது. இரண்டுமே யோசித்துச் சொல்லப்பட்ட வாதங்கள். எதிர்த்தரப்பைக் கோழைகள் என்றும் போர்வெறியர்கள் என்றும் வசைபாடியவர்கள் இரு பக்கமும் இருந்தார்கள். அந்த வசைகள் பொதுமக்களுக்கு எதையும் விளக்கவில்லை.

போரைப் பற்றித் தெரியாதவர்கள்தாம் அதை எதிர்த்தார்கள் என்றோ, போரைத் தொலைவிலிருந்து பார்த்தவர்கள்தாம் ஆதரித்தார்கள் என்றோ கூறவும் இடமில்லை. 2005 நவம்பரிலேயே படைகளைத் திரும்பப் பெறச் சொன்ன ஜான் மர்த்தா, கடற்காலாட்படையில் நெடுங்காலம் பணியாற்றி வியட்நாமில் போரிட்ட ஜனநாயகக் கட்சி உறுப்பினர். காயமுற்ற வீரர்களை மருத்துவமனைகளில் போய்ப் பார்த்துவந்தவர். கூடுதல் படைத் திட்டத்தின் உறுதியான ஆதரவாளரான குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெயின், வியட்நாமில் ஐந்தாண்டுகளுக்கும் மேல் போர்க்கைதியாகச் சித்திரவதை அனுபவித்தவர். குடியரசுக் கட்சியில் இருந்துகொண்டே அந்தத் திட்டத்தை எதிர்த்த சக் ஹேகலும் வியட்நாமில் காயம்பட்டவர். ஒரே போர் இம்மூவரையும் மூன்று இடங்களில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

இனி, பணத்தின் கதை. ஈராக் போருக்கான செலவின் பெரும்பகுதி வழக்கமான வரவுசெலவுத் திட்டத்தில் அடங்காமல், தனியான கூடுதல் நிதி மசோதாக்களின் வழியே வந்துகொண்டிருந்தது. ஆகவே அதிபர் மீண்டும் மீண்டும் காங்கிரஸிடம் வந்து பணம் கேட்க வேண்டியிருந்தது. ஜனநாயகக் கட்சிக்குக் கிடைத்த பிடி அதுதான். முதலில் அவர்கள் அந்தப் பிடியைப் பயன்படுத்தவில்லை. 2007 பிப்ரவரியில் கூடுதல் படைத் திட்டத்தை ஏற்கவில்லை என்று கூறும், சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாத தீர்மானம் ஒன்றைப் பிரதிநிதிகள் சபையில் 246க்கு 182 என நிறைவேற்றினார்கள். செனட்டில் அது விவாதத்துக்கே வரவில்லை. அங்கே விவாதத்தைத் தொடங்கவோ முடிக்கவோ 60 வாக்குகள் தேவை, கிடைத்தவை 56.

அதன்பிறகுதான் நிதி மசோதாவுக்குள்ளேயே காலக்கெடுவை எழுதும் முயற்சி தொடங்கியது. இதில் பிரதிநிதிகள் சபையின் அவைத்தலைவரான ஜனநாயகக் கட்சியின் நான்சி பெலோசிக்கு முதல் எதிர்ப்பு சொந்தக் கட்சிக்குள்ளிருந்தே வந்தது. இந்தப் போருக்கு இனி ஒரு டாலர்கூடத் தரக் கூடாது, எந்த நிபந்தனையோடும் தரக் கூடாது என்று ஓர் அணி நின்றது. படைக்குப் பணம் மறுத்தவர் என்ற பெயர் வந்தால் தொகுதியில் தலைகாட்ட முடியாது என்று இன்னோர் அணி நின்றது. அந்த அச்சம் காரணமற்றதல்ல. 2003இல் போருக்கான 8,700 கோடி டாலர் ஒதுக்கீட்டில், செல்வந்தர்களுக்கான வரிச்சலுகையைக் குறைத்து அந்தப் பணத்தைத் திரட்டும் வடிவத்தை ஆதரித்து, இறுதி மசோதாவை எதிர்த்து வாக்களித்த ஜான் கெர்ரி, அடுத்த ஆண்டு அதிபர் தேர்தலில் நின்றபோது முன்னுக்குப்பின் முரணானவர் என்று விளம்பரங்களில் இடைவிடாமல் தாக்கப்பட்டுத் தோற்றிருந்தார். மசோதாவை நிறைவேற்றுவதற்காக அதில் கீரை விவசாயிகளுக்கான நிவாரணம், நிலக்கடலைச் சேமிப்புக்கான உதவி போன்ற உள்நாட்டுச் செலவுகளும் சேர்க்கப்பட்டன. உயிரோடு சம்பந்தப்பட்ட ஒரு மசோதாவில் இப்படிப்பட்ட சேர்க்கைகள் அந்தக் கட்சியின் வாதத்தைப் பலவீனப்படுத்தின என்றே நான் கருதுகிறேன். மார்ச் 23 அன்று 218க்கு 212 என்ற மயிரிழை வித்தியாசத்தில் அது பிரதிநிதிகள் சபையைக் கடந்தது.

ஆதரித்து வாக்களித்த இரண்டு குடியரசுக் கட்சியினரில் ஒருவர் வட கரோலினாவின் வால்டர் ஜோன்ஸ். அவருடைய தொகுதியில் கடற்காலாட்படையின் பெரிய முகாமான லெஜூன் இருக்கிறது. 2003இல் போரை உற்சாகமாக ஆதரித்தவர் அவர். வீரர் ஒருவரின் இறுதிச் சடங்கில் கலந்துகொண்டது அவரை மாற்றத் தொடங்கியது. உயிரிழந்த வீரர்களின் குடும்பங்களுக்கு அவர் பின்னர் ஆயிரக்கணக்கான கடிதங்கள் எழுதினார்.

இரு அவைகளும் இணக்கம் கண்ட இறுதி மசோதா ஏறத்தாழ 12,400 கோடி டாலருக்கானது. 2007 அக்டோபர் 1க்குள் படைவிலக்கத்தைத் தொடங்க வேண்டும், 2008 மார்ச் இறுதிக்குள் போர்ப்படைகளை விலக்கி முடிப்பதை இலக்காகக் கொள்ள வேண்டும் என்று அது கூறியது. மே 1 அன்று அது அதிபரிடம் அனுப்பப்பட்டது. விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றில், பணி நிறைவேறியது என்று எழுதிய பதாகையின் கீழ் நின்று ஈராக்கில் பெரும் போர் நடவடிக்கைகள் முடிந்துவிட்டன என்று புஷ் அறிவித்து அன்றோடு சரியாக நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்று மாலையே அவர் மசோதாவை வீட்டோ செய்தார், அதாவது தம் தடை அதிகாரத்தால் நிராகரித்தார். தடை ஆணையில் அவர் கையெழுத்திட்ட பேனா, ஈராக்கில் உயிரிழந்த கடற்காலாட்படை வீரர் ஒருவரின் தந்தை அவரிடம் கொடுத்தது. அதே போரில் பிள்ளைகளை இழந்த வேறு பெற்றோர்கள் போரை நிறுத்தக் கோரித் தெருவில் நின்றார்கள். கட்சிப் பூசல் என்று நாம் சுருக்கிச் சொல்லும் ஒன்றுக்குள் இத்தனை துயரம் இருந்தது.

இங்கேதான் புதிதாகப் படிப்பவர் மனதில் இருத்திக்கொள்ள வேண்டிய கணக்கு வருகிறது. வீட்டோவை முறியடிக்க இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும். மே 2 அன்று பிரதிநிதிகள் சபையில் கிடைத்தவை 222, எதிராக 203. பெரும்பான்மைதான், ஆனால் அன்று வாக்களித்த 425 பேரில் 284 பேர் தேவைப்பட்டார்கள். போருக்கு அனுமதி வழங்கச் சாதாரணப் பெரும்பான்மை போதுமாயிருந்தது. அதிபர் விரும்பாதபோது அந்தப் போருக்கு ஒரு தேதி குறிக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டியதாயிற்று. போரைத் தொடர நினைக்கும் அதிபருக்கு ஏதேனும் ஓர் அவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் துணை நின்றாலே போதும். 2006இல் மக்கள் அளித்த தீர்ப்பு ஆறே மாதத்தில் இந்தக் கணக்கில் மோதி நின்றது.

அப்படியானால் நிதி மசோதா எதையுமே நிறைவேற்றாமல் சும்மா இருந்திருக்கலாமே, அதற்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லையே என்று கேட்கலாம். சட்டப்படி அது சாத்தியந்தான். வியட்நாம் போரின் இறுதிக் கட்டத்தில், 1973 ஆகஸ்ட் 15க்குப் பிறகு இந்தோசீனாவில் போர் நடவடிக்கைகளுக்குப் பணம் கிடையாது என்று காங்கிரஸ் சட்டம் இயற்றியது. ஆனால் அப்போது அமெரிக்கத் தரைப்படை ஏற்கெனவே வியட்நாமைவிட்டு வெளியேறியிருந்தது. 2007இலோ ஒன்றரை லட்சம் பேர் ஈராக்கில் இருந்தார்கள். பணம் நின்றால் அதிபர் படையைத் திருப்பி அழைப்பாரா, அல்லது இருக்கிற பணத்தை இழுத்துப்பிடித்துப் போரைத் தொடர்வாரா என்பது யாருக்கும் தெரியாது. இரண்டாவது நடந்தால் கவச வாகனம் இல்லாமல் சாலையோரக் குண்டுகளுக்கு நடுவே போகப்போகிறவர் பத்தொன்பது வயதுச் சிப்பாய். பணத்தை நிறுத்துவது அதிபரின் கையைக் கட்டும் முன் அந்தச் சிப்பாயின்மீது விழக்கூடும் என்ற இந்த ஒரு கவலைதான், போரை மனதார எதிர்த்த பலரை அதற்கான நிதியை ஆதரிக்க வைத்தது.

மே 24 அன்று காலக்கெடு நீக்கப்பட்ட நிதி ஒதுக்கீடு பிரதிநிதிகள் சபையில் 280க்கு 142 எனவும் செனட்டில் 80க்கு 14 எனவும் நிறைவேறியது. ஜனநாயகக் கட்சியினரில் 86 பேர் ஆதரவு, 140 பேர் எதிர்ப்பு. அதை வாக்கெடுப்புக்குக் கொண்டுவர வழிவிட்ட பெலோசியே எதிர்த்து வாக்களித்தார். செனட்டில் ஹிலாரி கிளின்டனும் பராக் ஒபாமாவும் எதிர்த்தார்கள். ஜோ பைடன், வீரர்களுக்குக் குண்டு தாங்கும் வாகனங்கள் உடனே போய்ச்சேர வேண்டும் என்று கூறி ஆதரித்தார். காலக்கெடுவுக்குப் பதிலாக, ஈராக் அரசு நிறைவேற்ற வேண்டிய 18 அளவுகோல்களும், அவற்றைப் பற்றிக் காங்கிரஸுக்கு அறிக்கை தரும் கடமையும் சட்டத்தில் இடம்பெற்றன. போராட்டம் தோற்றது என்று பலர் எழுதினார்கள். முழுக்கத் தோற்றது என்று சொல்ல மாட்டேன். அந்த அளவுகோல்கள் இருந்ததால்தான் செப்டம்பரில் பெட்ரேயஸும் தூதர் ரையன் க்ராக்கரும் காங்கிரஸ் முன் அமர்ந்து, என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்று நாடே பார்க்கப் பதில் கூற வேண்டியிருந்தது.

கோடைக்காலத்தில் மோதல் இன்னொரு வடிவம் எடுத்தது. தரைப்படை வீரர்களின் ஈராக் பணிக்காலம் ஏப்ரலில் 12 மாதத்திலிருந்து 15 மாதமாக நீட்டிக்கப்பட்டிருந்தது. களத்தில் எவ்வளவு காலம் இருக்கிறாரோ அவ்வளவு காலமாவது ஒரு வீரர் வீட்டில் இருக்க வேண்டும் என்று ஜனநாயகக் கட்சியின் செனட்டர் ஜிம் வெப் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். வியட்நாமில் போரிட்டவர் அவர். அவருடைய மகன் ஈராக்கில் பணியாற்றியவர். எளிய மனிதநேயக் கோரிக்கை போலத் தோன்றும் இதற்குப் பின்னால் ஒரு கணக்கும் இருந்தது: அது சட்டமானால் கூடுதல் படையை நீண்ட நாள் நிறுத்திவைக்க ஆள் போதாது. அதை உணர்ந்துதான் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் எதிர்த்தார். 56க்கு 44, மறுபடியும் 60 எட்டவில்லை.

பேச்சையும் வாக்கையும் பிரித்துப் பார்க்கப் பழகுவதற்கும் இந்த ஆண்டு நல்ல பாடம். குடியரசுக் கட்சியில் வெளியுறவு விவகாரங்களில் மிகுந்த மதிப்புப் பெற்றிருந்த ரிச்சர்டு லூகர், கூடுதல் படைத் திட்டம் அமெரிக்க நலன்களுக்கு உதவாது, வழி மாற வேண்டும் என்று ஜூன் மாத இறுதியில் செனட்டில் வெளிப்படையாகக் கூறினார். போர் ஆதரவு சரிந்துவிட்டது என்று எல்லோரும் எழுதினார்கள். ஜூலையில் செனட் இரவு முழுவதும் கூடி நடத்திய விவாதத்துக்குப் பின் காலக்கெடுத் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தபோது அவர் அதை எதிர்த்தார். 52க்கு 47 என அது தேங்கியது. அவர் மனமாற்றம் பொய் அல்ல. கொள்கை தவறு என்று நம்பினார், ஆனால் சட்டத்தில் தேதி எழுதுவது அதைவிடத் தவறு என்றும் நம்பினார். கருத்தளவில் இருந்த பெரும்பான்மை சட்டமாக மாறாமல் போனது இப்படிப்பட்டவர்களிடம்தான்.

2007 அமெரிக்கப் படைக்கு ஈராக்கில் மிக அதிக உயிரிழப்பைத் தந்த ஆண்டாக அமைந்தது. ஆனால் அதன் பிற்பகுதியிலிருந்து வன்முறை கண்கூடாகக் குறைந்தது. கூடுதல் படை வென்றது என்றது குடியரசுக் கட்சி. அன்பார் மாகாணத்தின் சன்னிப் பழங்குடித் தலைவர்கள் அல்-காய்தாவுக்கு எதிராகத் திரும்பியது 2006இலேயே தொடங்கிவிட்டது, ஷியா தலைவர் முக்ததா அல்-சதர் 2007 ஆகஸ்டில் தம் படையை அடக்கிவைத்தார், பாக்தாதின் கலப்புக் குடியிருப்புகள் பல ஏற்கெனவே வன்முறையால் பிரிந்துபோயிருந்தன என்று மறுதரப்பு சுட்டிக்காட்டியது. காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன; கூடுதல் படைக்கு அதில் பங்கே இல்லை என்பதும் மிகை, அது மட்டுமே காரணம் என்பதும் மிகை.

2008 நவம்பரில் புஷ் அரசு ஈராக் அரசுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதில் இரண்டு தேதிகள் இருந்தன: நகரங்களிலிருந்து 2009 ஜூன் 30க்குள், நாட்டிலிருந்தே 2011 டிசம்பர் 31க்குள் அமெரிக்கப் படைகள் வெளியேற வேண்டும். களநிலை மேம்பட்ட பிறகு, இறையாண்மை உள்ள அரசோடு பேசி ஏற்ற தேதி இது, காங்கிரஸ் திணித்தது அல்ல என்பது அதிபர் தரப்பின் விளக்கம். அந்த வேறுபாட்டுக்குப் பொருள் உண்டு. அடுத்து வந்த ஒபாமா அந்தத் தேதிப்படியே படைகளை விலக்கினார். சிறு படையை மட்டும் அங்கே விட்டுவைக்க நடந்த பேச்சு, அமெரிக்க வீரர்களுக்கு ஈராக் சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கும் பிரச்சினையில் முறிந்தது. 2014 ஜூனில் இஸ்லாமிய அரசு அமைப்பு மோசுல் நகரைக் கைப்பற்றியதும் பழைய விவாதம் அப்படியே திரும்பிவந்தது. ஒபாமா அவசரப்பட்டு வெளியேறியதன் விளைவு இது என்றது ஒரு கட்சி. புஷ் கையெழுத்திட்ட தேதியைத்தான் அவர் நிறைவேற்றினார், 2003இல் படையெடுக்காதிருந்தால் இந்த அமைப்பு இந்த அளவுக்கு வளர்ந்தே இருக்காது என்றது மற்றொன்று. ஈராக்கில் மீண்டும் தொடங்கிய அமெரிக்க நடவடிக்கைக்குச் சட்டத் துணையாக ஒபாமா அரசு சுட்டிக்காட்டியவற்றுள் 2002 அக்டோபரில் காங்கிரஸ் வழங்கிய அதே பழைய அனுமதியும் ஒன்று. அதை ரத்து செய்யும் மசோதாவைச் செனட் 2023 மார்ச்சில் 66க்கு 30 என நிறைவேற்றியது. ஆதரித்தவர்களில் 18 பேர் குடியரசுக் கட்சியினர்.